அண்ணன் காய்ச்சிய பசை

அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து, கும்பிட்டு, சாப்பிட்டு, இந்த மலரையும் கையில் வாங்கிக்கொண்ட உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். அட்டைப் படத்தில் அண்ணன் ஏன் முறைத்துக்கொண்டிருக்கிறார் என்று சிலர் கேட்டீர்கள். அது அடையாள அட்டைக்கு எடுத்த படம். சிரிக்கக் கூடாது என்று படக்காரர் சொல்லிவிட்டாராம். சிரித்த படம் ஒன்றுகூட ஒழுங்காக அகப்படவில்லை. யாராவது படம் பிடிக்க வந்தால், எழுந்து போய் மற்றவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போடுகிற ஆள் அவர்.

மலருக்கு எழுதச் சொல்லி அண்ணி என்னிடம் தாளைக் கொடுத்தபோது, "நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க" என்றார். நாலு என்ன, நாற்பது எழுதலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. நம் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும், பந்தி முடிந்து எல்லாரும் சாய்ந்து உட்கார்ந்தவுடன், அண்ணன் செய்த கிட்டார் கிள்ளானில் பிளந்த கதை வந்துவிடும். "காம் தா பாகுஸ்!" என்று யாராவது ஆரம்பித்தால் போதும், மண்டபமே சிரிக்கும். பசை நன்றாக இல்லை என்று மலாயில் அதற்கு அர்த்தம். அண்ணனும் சேர்ந்து சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன். அந்தக் கதை தப்பு. எங்கே தப்பு என்பது அண்ணனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அண்ணன் போய்விட்டார். நான் சொல்லாமல் விட்டால் அவர் பிள்ளைகள்கூட அப்பாவை அரைகுறைத் தச்சர் என்றுதான் நினைத்துக்கொண்டு வளரும். அதை நான் விடமாட்டேன்.

அண்ணன் பிறந்தது ஜெராமிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில், ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அப்பா பால்மரம் வெட்டினார். அண்ணனுக்குப் பதின்மூன்று வயதானபோது அப்பா காமாலையில் தவறிப்போனார். நான் அப்போது நடை பழகுகிற குழந்தை. அத்தோடு அண்ணனுக்குப் பள்ளிக்கூடம் முடிந்தது. அம்மா போய்த் தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி முன்னால் நின்று அழுது, அவரைத் தோட்டத்துப் பட்டறையில் தச்சு வேலைக்குச் சேர்த்துவிட்டார். ஜன்னல் சட்டம், லயத்துக் கதவு, லோரிக்குப் பக்கப் பலகை, யாராவது தவறினால் பெட்டி, எல்லாம் அங்கேதான். ஊரார் கதவையெல்லாம் சரிசெய்தவர் எங்கள் வீட்டுக் கதவை மட்டும் கடைசிவரை தொடவில்லை. அதைக் காலால் உதைத்துத்தான் சாத்த வேண்டும். இதைச் சொல்லி அம்மா திட்டாத நாளில்லை.

கிட்டார் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அண்ணனுக்கு ஒரு பாட்டுக்கூட வாசிக்கத் தெரியாது, காதும் அப்படி ஒன்றும் பெரிய காது இல்லை. தோட்டத்துச் சின்னத் துரை மாற்றலாகிப் போனபோது, மேல்பலகை உடைந்த கிட்டார் ஒன்றைக் குப்பையில் போட்டுவிட்டுப் போனார். அதைத் தூக்கிக்கொண்டு வந்த அண்ணன், பூட்டைக் கழற்றிப் பார்க்கிறவர் மாதிரி அதைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே மெல்லிய குச்சிகள் விலா எலும்புபோல ஒட்டியிருந்தன. "இத்தனூண்டு பலகை, ஆறு கம்பி இழுக்கிற இழுவைய எப்படித் தாங்குது பாரு!" என்று அம்மாவிடம் காட்டினார். "நீ கல்யாணம் பண்ணிக்கிற வழிய பாரு லா" என்றார் அம்மா. தங்கச்சி கல்யாணம் முடியாமல் தன் கல்யாணப் பேச்சே வேண்டாம் என்று அண்ணன் சொல்லிவைத்திருந்தார்.

பிறகு மூன்று வருடம் அவர் பேசியதெல்லாம் மரம்தான். தோட்டத்துக் கோயிலுக்குப் பின்னால் புயலில் சாய்ந்த பலா மரத்தில் பலகை அறுத்து, பட்டறை உத்தரத்தில் போட்டுக் காயவிட்டிருந்தார். அது உடம்புக்கு. மேல்பலகைக்குப் பலா ஆகாது, கனம், அதிராது என்றார். அதற்கு ஜெலுத்தோங் மரம், தூக்கினால் கையில் இருப்பதே தெரியாது. சுங்கை பெசார் பக்கம் மர ஆலையில் கழித்துப் போட்ட துண்டுகளைப் புரட்டி, கோடுகள் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடுகிற ஒன்றை எடுத்துவந்தார். அதை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைத் திருப்பிப் பக்கத்தில் வைத்தால், இந்தப் பக்கத்துக் கோடும் அந்தப் பக்கத்துக் கோடும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நிற்கும். கழுத்து மெராந்தி மரம். விரல் வைக்கிற இடத்துக்கு இடித்துப்போட்ட பழைய லயத்தின் தூண், உளியே வழுக்குகிற இரும்பு மரம்.

பக்கப் பலகையை வளைப்பதுதான் கூத்து. பலகை தீக்குச்சிக் கனத்துக்கு வரும்வரை இழைத்து, தண்ணீரில் ஊறவைத்து, கரி போட்டுச் சூடேற்றிய இரும்புக் குழாயின் மேல் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துவார். அவசரப்பட்டால் டப்பென்று முறியும். ஏழு முறிந்தது. எட்டாவது வளைந்தபோது பட்டறையிலிருந்து லயம்வரைக்கும் அதைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டே வந்தார். மேல்பலகையைச் சீவும்போது கண்ணாடிச் சில்லால் சுரண்டுவார், விரல் முட்டியால் தட்டுவார், காதை வைப்பார், மறுபடி சுரண்டுவார். எப்போது நிறுத்துவது என்று கேட்டேன். "பலக பேச ஆரம்பிச்சதும்" என்றார். இவ்வளவு பேச்சும் அவருக்கு அபூர்வம்.

இனி பசை. இதையும் இனி பசை வருகிற இடங்களையும் அம்மாவுக்கு யாரும் படித்துக் காட்ட வேண்டாம், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கிள்ளானில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஒரு சீனத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், அண்ணன் போய் வந்துகொண்டிருந்தார். வெள்ளைப் பசை வேண்டாம், அது ஒருமுறை பிடித்தால் பிறகு எதையும் திறந்து பழுதுபார்க்க முடியாது என்று தவுக்கே சொல்லி, பழுப்பு நிறத்தில் சில்லுச் சில்லாக இருந்த பசையைக் கொடுத்தார். அதை ஊறவைத்து, சின்னப் பால் டின்னில் போட்டு, சுடுதண்ணீர் டின்னுக்குள் அந்த டின்னை வைத்துக் காய்ச்ச வேண்டும். கொதிக்கவும் கூடாது, ஆறவும் கூடாது. இறுகினால் கல். ஆனால் ஈரமும் சூடும் சேர்ந்து பட்டால் மறுபடி இளகிவிடும். அது மாட்டுத் தோல் பசை. லயத்துக்குப் பின்னால் அண்ணன் காய்ச்சிக்கொண்டிருந்தபோது அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு, "என்னாடா இது நாத்தம்?" என்று கேட்டார். "மரப்பிசினும்மா" என்று அண்ணன் சொல்லிவிட்டார். மேளத்தில் கட்டுகிற தோல் மட்டும் எங்கிருந்து வருகிறது என்று எதிர்த்துக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் டின் பறந்திருக்கும். எனக்கும் அவர் உண்மையைச் சொல்லவில்லை.

ஒட்டிய பாகங்களைச் சைக்கிள் ட்யூப்பை நீளநீளமாகக் கிழித்து இறுக்கிச் சுற்றி, காயவைத்தார். கிட்டார் முடிந்தது. தவுக்கே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். கம்பி கட்டாமல் கொண்டு வா, என் கண் முன்னால் கட்டு, கம்பியின் இழுவையைத் தாங்கினால் என் கடையில் பழுதுபார்க்கும் மேசை உனக்குத்தான் என்றார். பட்டறையில் பதினேழு வருடம் ஜன்னல் சட்டம் அடித்தவருக்கு அது என்ன வாய்ப்பு என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆயுத பூசைக்கு மறுநாள் வருகிறேன் என்று அண்ணன் சொல்லிவந்தார். அதற்கு அடுத்த வாரம் ரவாங்கிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் எனக்குப் பூ வைக்க வருவதாக இருந்தது. வீடே பரபரப்பாக இருந்தது.

ஆயுத பூசையன்று காலையில் அண்ணன் பட்டறைப் பூசைக்குக் கிளம்பினார். இழைப்புளி, உளி, ரம்பம் எல்லாவற்றையும் வீட்டுப் பூசைக்கு எடுத்து வெளியே வைத்துவிட்டு, "கிட்டார மட்டும் எறக்காத. அது பூசைக்கு வேணாம்" என்றார்.

"ஏன்ணே?"

"வேணாம்னா வேணாம். அப்புறமா வச்சுக்கலாம்."

மாட்டுத் தோலைச் சாமி முன்னால் எப்படி வைப்பது என்று அவருக்குத் தயக்கம். எனக்கு அது எப்படித் தெரியும்? பெருமையடித்துக்கொள்கிறான் என்று நாலு பேர் சொல்வார்களோ என்று கூச்சப்படுகிறார் போலும் என்று நினைத்தேன். பலா மரத்தில்தான் வீணை செய்வார்கள். உளியை எல்லாம் சரஸ்வதிக்கு முன்னால் வைத்துவிட்டு, வீணைக்குத் தங்கையாகிற இதை ஆணியில் தொங்கவிடுவதா? நாளைக்கு அண்ணன் வாழ்க்கையே இதை நம்பி இருக்கிறது, ஆசீர்வாதம் வாங்காமல் போவதா? இறக்கினேன்.

ஈரத் துணியால் துடைத்தேன். தூசி போகவில்லை என்று துணியை நனைத்து இன்னொரு தடவை துடைத்தேன். மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். வெளியே மட்டும் தெளித்தால் போதுமா என்று தோன்றியது. வட்டத் துவாரத்துக்குள்ளும் இரண்டு கை அள்ளித் தெளித்தேன். அப்புறம் அது காய வேண்டுமே! தலைக்குக் குளித்தால் அம்மா எனக்குச் சாம்பிராணி போட்டுக் கூந்தலை உலர்த்திவிடுவார். அதே மாதிரி தூபக்காலில் நெருப்பை நன்றாக ஊதி, சாம்பிராணியைப் போட்டு, கிட்டாரைக் கவிழ்த்து அதன் மேல் பிடித்தேன். புகை வயிற்றுக்குள் ஏறி நிறைந்து வழிந்தது. கை வலிக்கும்வரை பிடித்திருந்தேன். என்ன வாசனை என்கிறீர்கள்! பிறகு துடைத்துப் பொட்டு வைத்து, பூச்சூடி, படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன்.

சாயங்காலம் பட்டறைப் பூசை முடிந்ததும் அண்ணன் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். "யாரு எறக்குனது?"

"உன் தங்கச்சிதான். எவ்வளவு லட்சணமா இருக்கு பாரு" என்றார் அம்மா.

அண்ணன் என்னைப் பார்த்தார். "தண்ணி பட்டுச்சா?"

அவர் முகத்தைப் பார்த்ததும் பொய் வந்துவிட்டது. "இல்லண்ணே. பொட்டு மட்டும்தான் வச்சேன்" என்றேன்.

அதுதான் நான் செய்த பாவம். துடைத்தது அறியாமை, அதை எந்தச் சாமியும் மன்னிக்கும். இந்தப் பொய்யை அறியாமை என்று சொல்ல முடியாது. ஆமாம் என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் அவர் கிள்ளான் போவதை நாலு நாள் தள்ளிப்போட்டு, பிரித்து, மறுபடி ஒட்டியிருப்பார். பூசையில் வைத்ததை மறுநாள் வரை யாரும் தொடக்கூடாது. அவரும் தொடவில்லை, என் வார்த்தையை நம்பினார். காலையில் எடுத்துத் தட்டிப் பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இளகிய பசை ஆறி, மேலோட்டமாகப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

பூ வைக்கும் நாளுக்குச் சேலை எடுக்க மாமாவும் நானும் அதே பேருந்தில் கிள்ளானுக்குப் போனோம். மாமா என்றால் அம்மாவின் தம்பி, சுங்கை பெசாரில் கடை வைத்திருப்பவர், இன்றைக்கும் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பார். மூன்று பேரும் முதலில் தவுக்கே கடைக்குப் போனோம். தவுக்கே கிட்டாரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதுகைத் தடவினார். கோடுகள் சேருகிற இடத்தை நகத்தால் தொட்டுப் பார்த்தார், இடம் தெரியவில்லை. "காயு பாகுஸ்" என்றார், மரம் நல்ல மரம் என்று. அண்ணன் காது சிவந்துவிட்டது.

அண்ணன் கம்பி கட்டத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றையும் முறுக்கும்போது மரம் மெல்ல முனகியது. ஐந்தாவது கம்பியை முறுக்கினபோது துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். கம்பியைத் தாங்குகிற குதிரை பிய்த்துக்கொண்டு பறந்து மாமா சட்டையில் விழுந்தது. அடியில் பக்கப் பலகை விரல் நுழைகிற அளவுக்கு வாய் திறந்துவிட்டது.

தவுக்கே கோபப்படவில்லை. திறந்த இடத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்தார். நிமிர்ந்து அண்ணனிடம், "கெனா ஆயேர் கா?" என்று கேட்டார். தண்ணீர் பட்டதா என்று. மாட்டுத் தோல் பசைக்குத் தண்ணீர் ஆகாது என்று உனக்குத்தான் தெரியுமே என்றும் மலாயில் சொன்னார். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அண்ணனும் குனிந்து அந்த வாயை முகர்ந்தார். சாம்பிராணி வாசனை எனக்கே நின்ற இடத்திலிருந்து வந்தது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"இல்ல தவுக்கே. பசைய நான் சரியா காய்ச்சல" என்றார் மலாயில்.

தவுக்கே தலையை ஆட்டிக்கொண்டு, "காயு பாகுஸ். காம் தா பாகுஸ்" என்றார். கிட்டாரைத் துணியில் சுற்றி மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான். மேசை வேறு யாருக்கோ போனது.

திரும்பி வரும் பேருந்தில் மாமா விடவில்லை. "சாமி முன்னாடி வச்ச பொருளு மறுநாளே பொளக்குதுன்னா சகுனம் சரியில்லையே. யாரு கையால வச்சது? அடுத்த வாரம் நல்ல காரியம் வேற இருக்கு" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. நம் ஆட்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா? ராசியில்லாத கை என்று ஒரு வார்த்தை கிளம்பினால் ரவாங்குக்கு நமக்கு முன்னால் அது போய்ச் சேர்ந்துவிடும்.

அண்ணன் முன் இருக்கையிலிருந்து திரும்பினார். "சாமிக்கும் இதுக்கும் ஒன்னும் சம்பந்தம் இல்ல மாமா. எனக்குப் பசை காய்ச்சத் தெரியல. போற எடத்துல அப்படியே சொல்லுங்க" என்றார்.

மாமா அப்படியே சொன்னார். ரொம்ப நன்றாகவே சொன்னார். மாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் கேட்டதைத்தான் சொன்னீர்கள். மாட்டுத் தோல் விஷயத்தை மட்டும் இத்தனை வருடமாக அம்மா காதுக்குப் போகாமல் காப்பாற்றினீர்களே, அதற்கு உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன்.

அந்த வாரமே அண்ணன் கிட்டாரை முழுதாகப் பிரித்தார். பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது பார்த்தேன். மேல்பலகையின் உள்பக்கம் மஞ்சள் வழிந்த கோடுகள் அப்படியே காய்ந்திருந்தன. அண்ணன் கண்ணாடிச் சில்லால் அவற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் தூக்குச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "சோத்த வச்சிட்டுப் போ லா. வெயில்ல நிக்காத, பூ வைக்க வர்றப்ப மூஞ்சி கறுத்துடும்" என்றார். அதே பசையில்தான் மறுபடி ஒட்டினார். தோட்டத்துப் பஜனைக் குழுவுக்கு அதைக் கொடுத்தார். இத்தனை வருடமாக அதில் கம்பி ஏறித்தான் இருக்கிறது, ஒரு மூட்டுகூட விடவில்லை. இதை யாரும் கதையில் சேர்ப்பதில்லை.

என் கல்யாணம் நடந்தது. அடுத்த ஆண்டு அண்ணி வந்தார். அண்ணன் இன்னொரு கிட்டார் செய்யவில்லை. நான் ஒருமுறை கேட்டதற்கு, மரம் கிடைக்கவில்லை என்றார். தோட்டத்தைவிட்டுக் கோல சிலாங்கூரில் மரச் சாமான் செய்கிற தளவாடக் கடையில் சேர்ந்து, கட்டிலும் அலமாரியும் செய்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தார். அவர் செய்த அலமாரி இங்கே பலர் வீட்டில் இருக்கிறது. கதவு சரியாகச் சாத்துகிறதா என்று நீங்களே சொல்லுங்கள். முப்பத்தெட்டு வயதில் சிறுநீரகம் கைவிட்டுவிட்டது. எட்டு மாதம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தார். ஒரு நாள்கூடத் தன்னை நொந்து பேசவில்லை.

கடைசி வாரத்தில் பகல் நேரம் அண்ணி மருந்து வாங்கப் போயிருந்தார். நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, அந்தக் கிட்டார்..." என்று ஆரம்பித்தேன்.

கையை உயர்த்தினார். "தெரியும் லா."

"எல்லார்ட்டயும் சொல்லிடறேன்ணே."

"எதுக்கு? மாமா சொல்ற கதையில எல்லாரும் சிரிக்கிறாங்க. உன் கதையில யாரு சிரிப்பா?" என்று சொல்லி, அவர் மட்டும் சிரித்தார். நான் தலையைக் கட்டிலில் கவிழ்த்து அழுதேன். மன்னிப்புக் கேட்கக்கூட அவர் இடம் கொடுக்கவில்லை.

இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் என் கணவரிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் கடைசிப் பக்கம்வரை படித்து முடித்தார். பிறகு, "அப்பவே தெரிஞ்சிருந்தா எங்க அம்மா கண்டிப்பா வேணாம்னுதான் சொல்லியிருப்பாங்க" என்றார். ஆக, என் வீடு, என் பிள்ளைகள், நான் ரவாங்கில் பிழைக்கிற பிழைப்பு எல்லாவற்றையும் அண்ணன் அந்தக் கடையில் ஒரு வாக்கியத்தில் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதற்கு அவர் கொடுத்தது தன் பெயரை.

நோயில் கிடந்தபோது ஆஸ்பத்திரிக்குக் காரில் ஏற்றிச் சென்ற பக்கத்து வீட்டாருக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், பழைய பட்டறையிலிருந்து வந்து பெட்டி செய்து கொடுத்த அண்ணனின் சகாக்களுக்கும், இறுதிக் காரியங்களைத் தோளில் போட்டுக்கொண்ட மாமாவுக்கும், எட்டு மாதம் கண்ணயராத அண்ணிக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி சொல்கிறேன்.

அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஒன்று. நாளைக்கு ஏதாவது கல்யாணத்தில் யாராவது அந்தக் கதையை எடுத்தால் தலையைக் குனியாதீர்கள். எழுந்து நின்று சொல்லுங்கள்: எங்கள் அப்பா காய்ச்சிய பசை நல்ல பசை, தண்ணீர் ஊற்றியது எங்கள் அத்தை.

தங்கை,
ரவாங்